விளக்கு எஞ்சினின் ஆயில்

"எல்லாரோட படகு ஆயிலையும் அத்தைதானே பாத்துச் சொல்றாங்க. நம்ம படகு ஆயிலை மட்டும் ஏன் பாக்கறதில்ல?"

யூசென் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தின் பின்பக்கம் மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் சந்து வழியாக நடந்துகொண்டிருந்தாள். நேராகப் போனால் ஐந்து நிமிடத்தில் வீடு. ஆனால் நேர்வழியில் அத்தை சியோக்லானின் கொட்டகை இருந்தது. அதனால் அப்பா தியாம்சாய் எப்போதும் இந்தச் சந்து வழியாகச் சுற்றித்தான் போவான்.

"நம்ம எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லம்மா, அதான்" என்று குழந்தைக்குப் பதில் சொன்னான். குழந்தை அதை ஏற்றுக்கொண்டு கையிலிருந்த சுட்ட கணவாயைக் கடித்தது. கேள்வி மட்டும் அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. யூசென்னுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் அந்தக் கேள்வியை மறந்தே போய்விட்டாள்.

சியோக்லான் தியாம்சாயின் அக்கா. பதினான்கு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு அவனுக்கு அம்மா என்று இருந்தது அவள்தான். காலையில் சர்க்கரைவள்ளிக் கஞ்சியை ஆற்றி ஊட்டுவாள். மீன் பொரித்தால் கன்னத்துச் சதையை நகத்தால் நோண்டி எடுத்து அவன் கிண்ணத்தில் வைப்பாள். அவனை முதுகில் கட்டிக்கொண்டே வலை பிரித்திருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி மகன் பிறந்த பிறகும், கணவன் இளவயதில் போய்ச் சேர்ந்த பிறகும், மீன் பொரிக்கும் நாளில் கன்னத்துச் சதை தம்பிக்குத்தான் போனது. "சாய்" என்று அவனைச் சுருக்கிக் கூப்பிட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்தக் குரலை அவன் கேட்டுப் பதினொரு வருடம் ஆகிறது.

லாங்பீத் துறையில் நாற்பது படகுகள். பெரும்பாலும் விளக்குப் படகுகள். இரவில் கடல் நடுவே விளக்குகளை எரியவிட்டு, வெளிச்சத்துக்கு வரும் கானாங்கெளுத்தியை வலைபோட்டு அள்ளுகிறவை. ஒவ்வொன்றிலும் இரண்டு எஞ்சின். படகை ஓட்டும் பெரிய எஞ்சின் கீழே, தரைப் பலகைக்கு அடியில். விளக்குக்கு மின்சாரம் தரும் சிறிய எஞ்சின் மேலே, ஓட்டுநர் அறைக்குப் பின்னால். அதை எல்லோரும் விளக்கு எஞ்சின் என்பார்கள்.

இந்த எஞ்சின்களுக்கு எப்போது ஆயில் மாற்றுவது என்று சொல்வதுதான் சியோக்லானின் வேலை. டீசல் எஞ்சினில் ஊற்றிய ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். ஆகவே நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பார்த்துப் பழகாதவன் நல்ல ஆயிலைக் கொட்டுவான், கெட்ட ஆயிலோடு கடலுக்குப் போவான். படகுக்காரர்கள் சிறு பாட்டிலில் ஆயில் கொண்டுவந்து தருவார்கள். அவள் ஒரு கம்பி நுனியால் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை வடிதாளில் விட்டு, கொடியில் கவ்வி மாட்டிவிடுவாள். சொட்டு மெல்ல விரியும். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிச் சாம்பல், அதற்கும் வெளியே வெளிறிய மஞ்சள் வளையம். சாம்பல் பரந்து போனால் அந்த ஆயில் இன்னும் கரியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று பொருள். கறுப்பு நடுவிலேயே சுருண்டு, ஓரம் வெட்டினாற்போல நின்றால் அது களைத்துப்போயிற்று. இன்னொரு சொட்டைச் சூடான தகட்டில் விடுவாள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாய்த்து வைத்த கண்ணாடியில் புது ஆயிலையும் பழைய ஆயிலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுவாள். பழையது முந்திக்கொண்டு ஓடினால் டீசல் கலந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் "இன்னும் எண்பது மணி நேரம் ஓடும்" என்றோ "இன்னிக்கே மாத்திடுங்க" என்றோ சொல்வாள்.

எண்பது என்று அவள் சொன்னால் உண்மையில் நூறு ஓடும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருடமாக அவள் எப்போதும் இருபது மணி நேரம் குறைத்துத்தான் சொல்கிறாள். படகுக்காரர்கள் இதற்குச் "சியோக்லான் கணக்கு" என்று பேர் வைத்துச் சிரிப்பார்கள். பெண்டாட்டி வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால், "ஆறுன்னா ஆறு, சியோக்லான் கணக்குல நாலு" என்பார்கள். தியாம்சாய் மட்டும் அந்தச் சிரிப்பில் சேர்ந்ததில்லை.

அவன் தன் ஆயிலைக் கடல் தெய்வமான மாட்சு அம்மனிடம் கேட்டான். துறைக் கோவிலில் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை ஏந்தி, கேள்வியை மனசுக்குள் சொல்லிக் கீழே போடுவது எல்லோரும் செய்வதுதான். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் வேண்டாம். இரண்டும் மல்லாந்தால் அம்மன் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள். கடலுக்குப் போகலாமா, பெண் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆயில் மாற்றலாமா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். "கடலைப் பாத்துக்கறவளைப் பிடிச்சு மெக்கானிக் ஆக்கிட்டான்" என்று கோவிலில் ஊதுபத்தி விற்கும் கான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் தியாம்சாயோடு ஒரே வகுப்பில் படித்தவன். சொல்ல உரிமை உண்டு.

அக்காமேல் அவனுக்குத் தீராத கோபம் என்றுதான் ஊர் நினைத்தது. சியோக்லானும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குக் காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் படகு இருந்தது. ஒரு மத்தியானம் அப்பா, பெரிய எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடு ஆறுமுன் ஆயில் எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வா என்று தியாம்சாயிடம் சொன்னார். அன்றைக்குப் பெண்டாட்டி பிக்யோங்கின் சித்தி மகளுக்குக் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டுப் பன்னிரண்டு வகை விருந்து. பிக்யோங் கைக்குழந்தையோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்து, கரையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெரிய எஞ்சினில் ஆயில் எடுக்க வேண்டுமென்றால் பலகையைத் தூக்கி, உள்ளே இறங்கி, குப்புறப் படுத்துக் குழாய் விட வேண்டும். விளக்கு எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பீப்பாய் ஆயில்தான். இரண்டும் கறுப்புத்தான். அவன் விளக்கு எஞ்சினிலிருந்து பாட்டிலை நிரப்பி, கொட்டகையில் கொடுத்துவிட்டு விருந்துக்குப் போய்விட்டான்.

விளக்கு எஞ்சினுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஆயில் மாற்றியிருந்தார்கள். காகிதம் நன்றாக வந்தது. இன்னும் நூறு மணி நேரம் ஓடும் என்று சியோக்லான் சொன்னாள். அப்போதெல்லாம் அவள் உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

ஐந்தாம் நாள் கடலில் பெரிய எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காற்று வடகிழக்காகத் திரும்பியிருந்தது. நங்கூரம் நிற்கவில்லை. அலைத்தடுப்புக் கற்களில் மோதிப் படகு உடைந்தது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அந்த மட்டுக்கும் அம்மன் கைவிடவில்லை. பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், டீசல் தெளிக்கும் நாசில் ஒழுகி ஆயிலில் டீசல் கலந்து தண்ணீராய் ஓடியதைக் காட்டினான். இவ்வளவு டீசலை அவளால் பார்க்க முடியவில்லையா என்று ஊர் கேட்டது.

சியோக்லான் அப்பா முன்னால் மண்டியிட்டாள். அவர் எழுந்திரு என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தியாம்சாய் அந்த அறையில்தான், கையில் ஒரு துண்டைப் பிடித்தபடி நின்றான். வெளியே வந்த அக்கா வாசலில் அவனை நிறுத்தி, யாருக்கும் கேட்காத குரலில் ஒன்று கேட்டாள்.

"நீதானே எடுத்தே, சாய். பெரிய எஞ்சின்ல இருந்துதானே எடுத்தே?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பிக்கொண்ட முகம் பிறருக்குக் கோபமாகத் தெரியும். அந்தக் கோபத்தை அவன் ஒரு மழைச்சட்டை போல மாட்டிக்கொண்டான். மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தபோது துக்கத்துக்குரிய சணல் துணி உடுத்தி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எந்தப் பழம் வைப்பது, யார் முதலில் ஊதுபத்தி காட்டுவது என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

பொய் சொல்லித் தப்பியவனுக்கு நிம்மதி உண்டென்று சிலர் நினைக்கிறார்கள். தியாம்சாய்க்கு என்ன இருந்தது என்றால், பொரித்த மீனின் கன்னத்துச் சதையைக் கிண்ணத்தின் ஓரத்துக்கு ஒதுக்கும் பழக்கம்தான். அந்தத் துண்டை அவன் சாப்பிடுவதில்லை. ஏன் என்று பிக்யோங் கேட்டால் முள் இருக்கும் என்பான்.

பங்குனி வெயில் வர வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. படகைக் கரையேற்றிச் சாயம் அடிக்கக் கொடுத்துவிட்டு அவன் வீட்டில் இருந்தான். பிக்யோங் மீன்சந்தையிலிருந்து வந்து குடையை மடக்கியபடியே, நாத்தனார் ஊரைவிட்டுப் போகிறாளாம் என்றாள். தைச்சுங்கில் சியோக்லானின் மகனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகள் ஒருத்தியால் முடியாது. வியாழக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. கொட்டகைக்கு மீன்வளப் பள்ளியில் படித்த ஒரு பெண் வருகிறாளாம். காகிதமும் பார்ப்பாளாம், கருவியும் வைத்திருக்கிறாளாம்.

"பதினோரு வருஷம்," என்றாள் பிக்யோங். "கடன்காரனைக் கூட ஜனங்க இவ்ளோ நாள் வெறுக்க மாட்டாங்க. அவங்களும் மனுஷிதானே, ஒரு தடவை கண்ணு தப்பிடுச்சு. போய் ஒரு வார்த்தை பேசினா உங்க வாய் தேஞ்சா போகும்?"

அவள் சொல்லச் சொல்ல அவன் பூட்ஸை மாட்டினான். எங்கே என்று கேட்டாள். கோவிலுக்கு என்றான்.

கோவிலில் யாரும் இல்லை. கான் மட்டும் ஊதுபத்திக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். தியாம்சாய் மண்டியிட்டு, அக்காவிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று மனசுக்குள் கேட்டுக் கட்டைகளைப் போட்டான். இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டான். மறுபடியும் மல்லாந்தன. மூன்றாவது முறையும் அம்மன் சிரித்தாள்.

"என்னடா, இன்னிக்கும் ஆயிலா?" என்றான் கான்.

"இல்ல. வேற."

"எதுவோ. ஆனா ஒண்ணு சொல்றேன், காசு கேக்க மாட்டேன். இங்க உக்காந்து இருபது வருஷமாப் பாக்கறேன். பதிலைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கேக்கறவனைப் பாத்துத்தான் அம்மா மூணு தடவையும் சிரிப்பா."

தியாம்சாய் கட்டைகளை எடுத்து வைத்துவிட்டுக் கரையேற்றிய தன் படகுக்குப் போனான். தண்ணீரில் இல்லாத படகில் பெரிய எஞ்சினை ஓட்டுவது சரியில்லை. ஆகவே சாயக்காரர்களிடம் கெஞ்சி, ஒரு நாள் முன்னதாகவே படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னான். புதன்கிழமை காலை எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டான். பலகையைத் தூக்கினான். கீழே இறங்கிக் குப்புறப் படுத்தான். சூட்டில் முகம் எரிந்தது. மெல்லிய குழாயை விட்டு, அடியில் படிந்ததும் இல்லாமல் மேலே மிதப்பதும் இல்லாமல் நடு ஆயிலை உறிஞ்சி, சுத்தமான பாட்டிலில் பிடித்தான். பதினொரு வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலைக்கு மொத்தம் பத்து நிமிடம் ஆயிற்று.

நேர்வழியாகவே நடந்தான்.

கொட்டகையில் சியோக்லான் தனியாக இருந்தாள். பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. முடி நன்றாக நரைத்திருந்தது; தூரத்தில் பார்த்தபோது தெரியாத நரை. அவன் பாட்டிலை மேசைமேல் வைத்தான். அவள் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். எந்தப் படகுக்காரனிடமும் கேட்பது போலவே எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டாள். இருநூற்றுப் பத்து என்றான். அவள் சொட்டு எடுக்கும்போது ஒன்று மேசையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

காகிதத்தைக் கொடியில் மாட்டிவிட்டு, விரிய நேரமாகும், உட்காரு என்றாள். அவன் உட்கார்ந்தான். மழை தகரத்தில் பெய்தது.

"கோபம் தீந்துடுச்சா?" என்றாள். "நான் போறதுக்கு முன்னாடி வந்தியே, அதுவே எனக்குப் போதும். அப்பா படகோட காகிதத்தை நான் இன்னும் வெச்சிருக்கேன். வருஷா வருஷம் எடுத்துப் பாக்கறேன். எந்த எடத்துல தப்பாப் படிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

அவன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தான்.

"அது பெரிய எஞ்சின் ஆயில் இல்லக்கா. விளக்கு எஞ்சின்ல எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அழுக்காகிடும்னு கீழ எறங்கல. நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விளக்கு எஞ்சினுக்கு அப்போ ஆயில் மாத்தி எத்தனை நாள்?"

"மூணு வாரம்."

அவள் எழுந்து போய் ஒரு பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு பழைய வடிதாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். விரலால் வளையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"மூணு வாரம்," என்றாள். "ஆமா. மூணு வாரம் ஓடின ஆயில்தான் இது. அப்படியே இருக்கு." அவள் குரல் உடைந்தது. "நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பிக்காக அல்ல, அப்பாவுக்காகவும் அல்ல. பதினொரு வருடமாகத் தன் கண்ணைத் தானே நம்பாமல் வாழ்ந்த ஒருத்திக்காக அழுதாள். அவனுக்கு எழுந்து போய் அவள் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடும் தகுதி தனக்கு இல்லை என்று உட்கார்ந்தே இருந்தான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான். ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். யூசென் இந்தத் துறையில்தான் பெரியவளாக வேண்டும், எனக்குத் தெரிந்தது போதும் என்றாள்.

"உன்கிட்ட நான் எப்படிக்கா தீக்கறது?"

"என்கிட்ட நீ தீக்க முடியாது, சாய். எனக்கு வயசு திரும்பி வராது." அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். "ஆனா குன்லியோங் அண்ணனை நெனச்சுக்கோ. படகு ஒடைஞ்சப்புறம் ஒரு வருஷம் ஒருத்தனும் இந்தப் பக்கம் பாட்டில் கொண்டுவரல. கொட்டகையை மூடிடலாம்னு கூட்டுறவுல பேசினாங்க. அவர் மட்டும் வாரா வாரம் வந்தார். போன வாரம்தான் ஆயில் மாத்தியிருப்பார், பாக்க அதுல ஒண்ணுமே இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொட்டு விட்டு மாட்டுவேன். அவர் உக்காந்து டீ குடிச்சுட்டு, 'சரி, நீ சொன்னாச் சரி'ன்னு போவார். நீ செய்ய வேண்டியதை அவர் செஞ்சார்."

கொடியில் தியாம்சாயின் சொட்டு விரிந்து முடிந்திருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். சாம்பல் அகலமாக, சீராகப் பரவியிருந்தது.

"இன்னும் தொண்ணூறு மணி நேரம் ஓடும்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என் கணக்கு இல்ல. நெஜமாவே தொண்ணூறு," என்றாள். பிறகு, "இப்போ நீ போ. எனக்குத் தனியா இருக்கணும்," என்றாள்.

வியாழக்கிழமை அவன் கடலில் இருந்தான். வெள்ளி காலை கரைக்கு வந்தபோது கொட்டகையில் ஒரு இளம்பெண் கருவியின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது எந்த வழியிலும் அவன் நடக்கலாம். நேர்வழியில் தினமும் நடந்தான். அந்தப் பெண் நல்ல பெண். அவனைப் பார்த்தால் மாமா என்று தலை குனிவாள். அவனும் தலை குனிந்துவிட்டு, உள்ளே ஜன்னல் ஓரத்தை ஒரு கணம் பார்ப்பான். அங்கே ஒன்றும் இருக்காது.

மூன்று வாரம் தொலைபேசி வரவில்லை. அவனும் பேசவில்லை, தன் குரலை அவளிடம் திணிக்கக் கூடாது என்று நினைத்தான். நான்காம் வாரம் பிக்யோங்கின் போனுக்கு ஒரு படம் வந்தது. இரண்டு குழந்தைகள், இரண்டும் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தன. படத்துக்குக் கீழே பிக்யோங்குக்குச் சில வரிகள், யூசென்னின் பரீட்சை பற்றி ஒரு வரி. கடைசியில், 'சாய் சாப்பிட்டானா' என்று இருந்தது.

"இது என்ன கேள்வி, நடு மத்தியானத்துல," என்றாள் பிக்யோங். "சாப்பிட்டீங்கன்னு போடவா?"

"போடு," என்றான். வேறு என்ன போடச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முற்றத்துக் குழாயடியில் போய் நின்று, திறந்த தண்ணீரில் முகத்தை வெகுநேரம் கழுவினான்.

குன்லியோங்குக்குச் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு பக்கவாதம் வந்திருந்தது. லோதுங் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது ஒரு கைப்பிடிக் கம்பியைப் பற்றி நடக்கப் பழகுகிறார். மகன் தொலைவில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருக்கிறது. அவருடைய படகு துறையின் கடைசியில், புயல்சுவருக்கு அடியில் நான்கு மாதமாகக் கட்டிக் கிடந்தது. தியாம்சாய் போய்ப் பார்த்திருக்கிறான். ஓடின ஆயிலை அப்படியே விட்டுவைத்தால் அது ஈரம் குடித்துப் புளித்து, பேரிங்கை உட்கார்ந்த இடத்திலேயே அரிக்கும். மனுஷன் எழுந்து வரும்போது எஞ்சின் படுத்திருக்கும். அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். தனக்கு எதுவும் செய்ய விட்டவர் இல்லை அவர்.

கானாங்கெளுத்தி நன்றாக வந்த வாரம். ஒரு மத்தியானம் துறையிலிருந்த படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தன. தியாம்சாய் தன் ஆட்களை மச்சானோடு அனுப்பிவிட்டு, முதுகு வலிக்கிறது என்று கரையில் தங்கினான். இரண்டு பெரிய கேன் புது ஆயில், ஒரு ஃபில்டர், காலி பீப்பாய், பழந்துணி. எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்துத் தார்ப்பாயால் மூடித் தள்ளிக்கொண்டு போனான். மழை தூறியது. சுவர்ப்பக்கம் யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்து மறுபடி படுத்துக்கொண்டது.

பாட்டரி இறங்கியிருந்தது. தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டினான். எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்தது. அது சூடேறும்வரை அடித்தள நீரை இறைத்தான், கயிறு தேய்ந்த இடத்தில் துணி சுற்றினான். பிறகு எஞ்சினை நிறுத்தி, பலகையைத் தூக்கி, கீழே இறங்கிப் படுத்தான். நட்டு இறுகிப் போயிருந்தது. தோளைக் கொடுத்துத் திருகினான். பழைய ஆயில் முதலில் கட்டியாக, பிறகு மெல்லிய கயிறாக இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை அவசரப்படாமல் படுத்திருந்தான். முழங்கை வரை கறுப்பு. சட்டை முழுக்கக் கறுப்பு. மனசுக்குள் எந்தப் பிரார்த்தனையும் வரவில்லை. அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததே போதும் என்று தோன்றியது.

நட்டை முடுக்கினான். ஃபில்டர் மாற்றினான். புது ஆயிலை மெல்ல ஊற்றினான். மறுபடி எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தான். மேல்கோட்டைத் தொட்டு நின்றது. ஆயில் மாற்றிய தேதியை எழுதும் அட்டை எஞ்சின் அறைச் சுவரில் தொங்கியது. பென்சிலைக் கையில் எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். தேதியை மட்டும் எழுதினான். யார் மாற்றியது என்ற இடத்தைக் காலியாக விட்டான்.

பலகையை மூடி, தன் பூட்ஸ் தடங்களைத் துணியால் பின்னோக்கித் துடைத்துக்கொண்டே மேலே வந்தான். பழைய ஆயில் பீப்பாயை வண்டியில் ஏற்றினான். தூறல் நின்றிருந்தது. அலைத்தடுப்புக்கு வெளியே படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.